வில்லியனூர் முன்பே கற்பித்த பாடம்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, பெருந்தொற்றின் அச்சம் நாடெங்கும் கவிந்திருந்த வேளையில், செங்கோட்டையின் கொத்தளத்திலிருந்து பிரதம மந்திரி அறிவித்த தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கத்துக்கு முதற் பரீட்சைக் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஆறு யூனியன் பிரதேசங்கள். அந்தமான் நிக்கோபார், சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி–டாமன் டையூ, லடாக், லட்சத்தீவு ஆகியவற்றோடு ஆறாவதாக நின்றது நம் புதுச்சேரி. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்னும் பெயரோடு 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்கும் அது விரிவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியரும் மருந்தாளுநர்களும் இந்தப் புதிய ஏற்பாட்டின் எதிரே முதல் வரிசையில் நிறுத்தப்பட்டவர் ஆயினர். திட்டத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்தத் திட்டத்தை நாள்தோறும் விரல் நுனியில் தாங்கவேண்டிய மனிதர்களைப் பற்றி எழுதியவர் குறைவு. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுவது.

ஏற்பாட்டின் நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சர்க்கரை நோய்க்கு வருஷக்கணக்காக மாத்திரை வாங்கிவரும் ஒரு மூதாட்டி, கால் புண் முற்றி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும்போது, அவளுடைய சிகிச்சையின் சரித்திரம் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மடங்கிக் கசங்கிய சீட்டுகளாகவே அவளோடு பஸ் ஏறுகிறது. மழையில் நனைந்தால் எழுத்து அழிகிறது, அவசரத்தில் பேரன் வேறு பையை எடுத்து வந்துவிட்டால் சரித்திரமே மறைகிறது. எந்த மாத்திரை ஒவ்வாமல் போயிற்று, சிறுநீரகத்தின் நிலை சென்ற ஆண்டு எவ்வாறு இருந்தது, இரத்தக் கொதிப்பு எப்போது ஏறத் தொடங்கிற்று என்பவற்றை அவளே நினைவிலிருந்து சொல்ல வேண்டும். 'ஆபா' என்று சுருக்கி வழங்கப்படும் 14 இலக்கக் கணக்கு எண்ணின் கீழ், அந்தந்த ஆஸ்பத்திரியில் உண்டான பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்க, அவளுடைய சம்மதத்தின் பேரில் மட்டும் இன்னொரு மருத்துவர் அதைப் பார்க்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் உட்பொருள். இது நடந்தேறினால் ஏழைக்குக் கிடைக்கும் நன்மை பணக்காரனுக்குக் கிடைப்பதைவிடப் பெரிது. ஏனெனில் தன் சரித்திரத்தை நினைவில் வைத்துச் சொல்லக்கூடிய குடும்ப வைத்தியர் பணக்காரனுக்கு ஏற்கெனவே இருக்கிறார்.

ஆனால் அது நடந்தேறவேண்டிய இடம் எது என்று பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் வரிசை நீண்டுவிடுகிறது. சீட்டு போடும் இடத்தில் ஒருவர், பி.பி. பார்க்க ஒரு செவிலியர். உள்ளே ஒரே மருத்துவர், அவர் முன் காய்ச்சலும் இருமலும் நாய்க்கடியும் கர்ப்பிணியும் முதியோரும் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். நோயாளி உட்கார்ந்த கணத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், நாடியைப் பிடிக்க வேண்டும், சொல்வதைக் கேட்க வேண்டும், சொல்லாமல் விடுவதை ஊகிக்க வேண்டும். இத்தனைக்கும் கிடைக்கும் சில நிமிஷங்களுக்குள், இப்போது திரை ஒன்றும் தன் பங்கைக் கேட்டு நிற்கிறது.

இந்த நோயாளி யார் என்று அந்தத் திரை கேட்கும் முதற் கேள்வியே கிராமத்தில் எவ்வளவு சிக்கலானது! ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும் என்று சொல்லப்படுகிறது; அந்தச் செல்போன் சென்னையில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. பெயரைத் தட்டித் தேடலாம் என்றால், புதுச்சேரிக்கே உரிய ஒரு தொல்லை குறுக்கிடுகிறது. இங்கே பழைய குடும்பங்களின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்து முறையில் பதிவானவை. முருகன், சுப்பிரமணியன், லட்சுமி என்னும் பெயர்களில் வரும் உகரத்தை இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதிய பிறப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கில முறையில் எழுதிய பெயர் வேறு இருக்கும். ஆதார் அட்டையில் இரண்டுக்கும் நடுவாக மூன்றாவது வடிவம் ஒன்று இருக்கும். ஒரே லட்சுமி மூன்று லட்சுமிகளாகக் கணினியில் வாழ்கிறாள். சீட்டு போடுபவர் அவளை முகத்தால் அறிவார். யந்திரமோ எழுத்தால் மட்டுமே அறியும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கும் போது, 'சர்வர் டவுன்' என்ற இரண்டு சொற்களோடு பேனாவும் நோட்டுப் புத்தகமும் மீண்டும் வெளியே வருகின்றன.

துணை சுகாதார நிலையத்துச் செவிலியரின் நிலையோ இதைவிடக் கடினமானது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யத் தாய்–சேய் நலத் தளம் ஒன்று, முப்பது வயது கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பதிவு செய்யத் தொற்றா நோய்த் தளம் ஒன்று, டெங்கு, வயிற்றுப்போக்கு முதலிய தொற்றுகளைத் தெரிவிக்க ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் ஒன்று, காசநோயாளிகளுக்கு 'நிக்ஷய்', தடுப்பூசிக்கு 'யு-வின்'. ஒவ்வொன்றும் தில்லியில் வெவ்வேறு பிரிவினரால், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவையை முன்னிட்டு உண்டாக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல், தனித் திரை, தனிச் சொல்வழக்கு. ஒரே கர்ப்பிணிக்குச் சர்க்கரையும் இருந்து, தடுப்பூசியும் போடவேண்டியிருந்தால், அவளுடைய பெயரையும் வயதையும் செவிலியர் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். இத்தனைக்கும் மேலாக, தணிக்கைக்கு வருபவர் கேட்பது தடித்த காகித ரிஜிஸ்டரை. ஆகவே பகலில் வீடு வீடாகச் சென்று எழுதியதை மாலையில் ரிஜிஸ்டரில் ஏற்றி, இரவில் தம் வீட்டில் குழந்தைகள் உறங்கிய பின் டேப்லெட்டில் ஏற்றும் செவிலியர் நாடெங்கும் உண்டு. கணினி வந்தால் வேலை குறையும் என்ற வாக்கு அவர்கள் விஷயத்தில் பொய்த்துப் போயிற்று, வேலை இரட்டித்தது.

இதைக் கேட்கும் அதிகாரிகள் சிலர், நம் ஊழியர்களுக்குப் பழக்கம் போதாது, மனம் இல்லை, காலப்போக்கில் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்வது வழக்கம். அந்தச் சமாதானம் தவறானது என்பதற்கு நாம் நம் ஊரிலேயே சாட்சி தேட வேண்டியதில்லை. செல்வமும் மின்சாரமும் அதிவேக இணையமும் குறைவின்றி உள்ள அமெரிக்காவில், நான்கு மருத்துவத் துறைகளைச் சேர்ந்த 57 மருத்துவர்களைப் பக்கத்தில் நின்று கவனித்து 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தை மின்னணுப் பதிவிலும் மேசை வேலையிலும் அவர்கள் கழிப்பதாகக் கண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள், கணினியோடு வளர்ந்தவர்கள். எனவே குறை ஊழியரின் விரலில் இல்லை; அவருடைய வேலையின் போக்கை அறியாமல் கருவியை வடித்த இடத்தில் இருக்கிறது.

இவ்விஷயத்தில் மருத்துவ உலகம் மறக்கவொண்ணாத ஓர் அநுபவம் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், 2002 அக்டோபரில், மருத்துவர்கள் மருந்துக்கான உத்தரவுகளைக் காகிதத்தில் எழுதுவதை விட்டுக் கணினியில் இடும் முறை, ஆறே நாட்களில் ஆஸ்பத்திரி முழுவதும் புகுத்தப்பட்டது. பிழையான மருந்தையும் பிழையான அளவையும் தவிர்ப்பதே அதன் நோக்கம்; அந்த நோக்கத்தில் அது ஓரளவு வெற்றியும் கண்டது. ஆயினும், பிற ஆஸ்பத்திரிகளிலிருந்து அபாய நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதத்தை அங்குள்ள மருத்துவர்களே ஆராய்ந்தபோது, அம்முறை வருவதற்கு முன் 2.80 விழுக்காடாக இருந்தது, வந்த பின் ஐந்து மாதங்களில் 6.57 விழுக்காடாக ஏறியிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே மருந்துக்குச் சொல்லிவைக்கும் பழைய வழக்கம் அற்றுப்போயிற்று. குழந்தை வந்து, பதிவாகி, அதன் பின்னரே உத்தரவு இட முடிந்தது. முன்பு சில கணத்தில் எழுதி முடித்த உத்தரவுக்குத் திரை மேல் திரையாகத் திறக்க வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மைய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டன. மருத்துவரும் செவிலியரும் படுக்கையருகே நின்று பேசிக்கொள்ளும் பேச்சு குறைந்தது.

இதில் சிந்திக்கத்தக்க மறுபாதி ஒன்றும் இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே மென்பொருளைச் சியாட்டில் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் ஏற்றது; அங்கே இறப்பு விகிதம் ஏறவில்லை என்று 2006-இல் அவ்வாஸ்பத்திரியார் எழுதினார்கள். தீவிர சிகிச்சைக்கு அடிக்கடி வேண்டிய உத்தரவுகளைத் தொகுதி தொகுதியாக முன்கூட்டியே அமைத்துவைத்திருந்ததும், பணிபுரிவோரின் வழக்கத்தையொட்டி ஏற்பாட்டைத் திருத்திக்கொண்டதும் இரண்டு ஊர்களுக்கும் இடையிலிருந்த வேற்றுமைகளில் முக்கியமானவை. யந்திரம் ஒன்றே; மனிதரை ஆயத்தப்படுத்திய விதத்தில்தான் உயிருக்கும் மரணத்துக்குமான இடைவெளி இருந்தது. மருத்துவத்தில் தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் படிக்க நேரமில்லாத நிர்வாகி, இந்த இரண்டு ஊர்களின் கதையை மட்டுமேனும் படித்தல் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தப் பாடத்தைக் கற்பதற்குச் சியாட்டிலுக்குப் போகவேண்டிய அவசியம் புதுச்சேரிக்கு இல்லை. ஏனெனில் பாடம் வில்லியனூரிலேயே, ஆபா எண் பிறப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, நடத்தப்பட்டுவிட்டது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கிற்று. தகவல் விஞ்ஞானி சுப்பையா அருணாசலம் போன்றோர் சிந்தனை தந்த முயற்சி அது. மைய நிலையம் வில்லியனூரில் அமைந்தது. அங்கே தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணையச் செய்தி, தமிழில் ஆக்கப்பட்டு, ரேடியோ அலை மூலம் சுற்றுக் கிராமங்களின் கணினிகளுக்குச் சென்றது. மின்வெட்டு மிகுந்த அந்நாளில் சூரிய ஒளித் தகடுகள் துணை நின்றன. ரேடியோ அலையும் டயல்-அப் இணைப்பும் கலந்த அந்த அமைப்பு, இன்றைய செல்போனின் வேகத்துக்கு முன் எள்ளளவும் நிற்காது. ஆயினும், இன்று நம்மிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருந்தது.

அவர்கள் முதலில் கணினியைக் கொண்டுபோகவில்லை, கேள்வியைக் கொண்டுபோனார்கள். உங்களுக்கு எந்தத் தகவல் வேண்டும், இப்போது அதை யாரிடம் கேட்கிறீர்கள், அவர் சொல்வதை நம்புகிறீர்களா என்று கிராமத்தாரிடம் விசாரித்தறிந்த பின்னரே மையம் திறக்கப்பட்டது. இடத்தையும் ஆட்களையும் ஊரே தர வேண்டும், எந்தச் சாதியாராயினும் மையத்துக்குள் வர உரிமை வேண்டும் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே கணினி அறை அமைந்தது. பாரதத்தோடு இணைவதற்காக 1954 அக்டோபர் 18-இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் சம்மதம் என்று வாக்களித்த கீழூரும் அத்திட்டத்துக் கிராமங்களில் ஒன்று. மையங்களை நடத்தியவர் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆங்கிலத் தட்டச்சுப் பலகையில் தமிழை உள்ளிடப் பழகிக்கொண்டு, அரசுத் திட்டங்களின் விவரம், விளைபொருளின் விலை, ஆஸ்பத்திரி பற்றிய செய்தி ஆகியவற்றை ஊராருக்கு எடுத்துச் சொன்னார்கள். வீராம்பட்டினத்து மீனவருக்கு வேண்டியது வேறு என்று தெரிந்ததும், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்லும் ஏற்பாடு அங்கே பிறந்தது. 2001-இல் ஸ்டாக்ஹோம் சாலஞ்ச் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசிச் செய்தியைப் பெற்ற நல்லவாடு மீனவ கிராமத்தார், அத்திட்டத்தின் கீழ் அவ்வூரில் இருந்த மையத்தின் ஒலிபெருக்கியிலேயே எச்சரித்து ஊரைக் காலி செய்து சுனாமியினின்றும் உயிர் தப்பியதைப் பலரும் அறிவர்.

விருதையும் சுனாமியையும் நான் இங்கே பெருமைக்காக நினைவூட்டவில்லை. இத்தனை எளிய கருவிகளால் இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே கேள்வி. பயன்படுத்துபவரிடம் முதலில் கேட்டார்கள். அவருடைய மொழியில் பேசினார்கள். பயிற்சி கொடுத்துவிட்டுப் போய்விடாமல், சந்தேகம் வந்த மறுநாள் சைக்கிளில் எட்டக்கூடிய தூரத்தில், வில்லியனூரில், உதவிக்கு ஆள் இருந்தார். இம்மூன்றும் இன்று நம் சுகாதார நிலையங்களுக்குக் கிடைக்குமானால், மருத்துவரும் செவிலியரும் கணினியை வெறுப்பதற்கு யாதொரு காரணமும் இராது.

இப்போது பெரும்பாலும் நடப்பது என்ன? தலைநகரில் ஒரு மண்டபம். காலையில் தேநீர், திரையில் படம், மத்தியான்ன உணவு, மாலையில் கையொப்பம். பயிற்சி முடிந்தது என்று கணக்கு. அன்று பார்த்த திரை, ஒரு மாதத்தில் புதிய பதிப்பு வந்ததும் வேறு முகம் கொண்டுவிடுகிறது. மருத்துவர் விட்டுவந்த நோயாளிகள் மறுநாள் இரட்டிப்பாகக் காத்திருக்கிறார்கள். நீச்சலைக் கரையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. ஓ.பி. நடக்கும்போதே, நோயாளி எதிரே இருக்கும்போதே, பக்கத்தில் ஒருவர் நின்று, 'இந்தப் பொத்தான் வேண்டாம், அதைத் தொடுங்கள்' என்று சொல்வதுதான் பயிற்சி. அப்படிக் கற்கும் சில வாரங்களுக்கு, அந்த நிலையத்தில் இன்னொரு மருத்துவரையோ செவிலியரையோ கூடுதலாக நியமித்து, கற்பவருக்குக் காலத்தைக் கொடுக்க வேண்டும். இது புதிய தத்துவம் அன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், வாகூர் என்று அன்று வழங்கிய அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாயை விட்டுக்கொடுத்த செய்தியைச் சொல்லுகின்றன. கற்பவர் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கற்பதற்கு ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மானியம் ஒதுக்கிய ஊரில், இருபத்தோராம் நூற்றாண்டுச் செவிலியர் தம் உறக்கத்திலிருந்து நேரத்தைத் திருடிக் கற்கவேண்டியிருப்பது நியாயம் அன்று.

நல்ல முறையில் செய்தால் எவ்வளவு கைகூடும் என்பதற்குத் தவளக்குப்பத்தில் நிற்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை நடத்தும் ஸ்தாபனமே சான்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த ஸ்தாபனம், இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் தேனி வட்டாரத்துச் சிற்றூர்களில் கண் நல மையங்களைத் திறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் செப்பனிட்ட நெடுந்தூர வைஃபை இணைப்பின் மூலம், கிராமத்து நோயாளியையும் ஆஸ்பத்திரி மருத்துவரையும் திரையில் நேர் பார்க்க வைத்தது. இங்கே கவனிக்கவேண்டியது வைஃபையை அன்று. அம்மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை. கிராமத்துப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். ஈராண்டு முறையாகக் கண் பரிசோதனைக்கும் பதிவுக்கும் பயிற்சி பெற்றவள். கருவியைக் கையாள்வது அவளுடைய தொழிலின் ஓர் அங்கமாகவே, முதல் நாளிலிருந்தே, கற்பிக்கப்பட்டது. அவள் கண்ணைச் சோதித்து, படமெடுத்து, பதிவு செய்து முடித்திருப்பதால், தூரத்திலிருக்கும் மருத்துவர் நோயாளியோடு பேசுவதற்கே தம் நேரத்தைச் செலவிட முடிகிறது. மருத்துவர் தட்டெழுத்தர் ஆகவில்லை. செவிலியர் இரட்டைச் சுமை தூக்கவில்லை. வேலை பகிர்ந்து அமைக்கப்பட்டது.

இதே தத்துவத்தை இ-சஞ்சீவனிக்கும் பொருத்திப் பார்க்கலாம். 2019 நவம்பரில் தொடங்கிய அத்திட்டமும், 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தூரத்து நிபுணரைக் கலந்துகொள்ளும் வழியைத் திறந்துவிட்டன. ஆனால் திரையின் வழியே வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது. அமுக்கிப் பார்த்துச் சொல்பவர் இங்குள்ள செவிலியரோ மருத்துவரோதான். நோயாளியின் மூச்சுத் திணறலை எந்தச் சொற்களில், எந்த வரிசையில், எவ்வளவு சுருக்கமாக எடுத்துரைத்தால் நிபுணர் சரியாக முடிவு செய்வார் என்பது ஒரு வைத்தியக் கலை. அதைக் கற்பிக்காமல், காமிராவை எப்படித் திறப்பது என்பதை மட்டும் கற்பித்துவிட்டு வருவது அரைகுறைப் பணி.

வயதில் மூத்த மருத்துவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாகக் கை வைத்துப் பார்த்தே மஞ்சள் காமாலையையும் இரத்தசோகையையும் அறிந்தவர், இளையவர் முன்னிலையில் கடவுச்சொல் மறந்து தடுமாறும்போது அடையும் கூச்சத்தை அற்பமாக எண்ணக் கூடாது. அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை. அதை வெளியிடும் வாயில் மாறிவிட்டது. அவருக்குத் துணை நிற்க ஆள் இல்லாத பிரதேசமும் அன்று இது. பாகூர் கொம்யூனிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1823-இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியாகத் தோன்றிய ஜிப்மர், ராமநாதபுரம் கிராமத்தில் தன் கிராம சுகாதார மையத்தை நடத்துகிறது. செவிலியர் பட்டப் படிப்பின் புதிய பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவலியல் ஒரு பாடமாகவே இடம்பெற்றுவிட்டது. அங்கே படிக்கும் இளைஞர்கள் செல்போனோடு பிறந்த தலைமுறையினர். பயிற்சி மருத்துவர் ஒருவர் தம் கிராமப் பணிக்காலத்தில் மூத்தவருக்குத் திரையைக் காட்டிக்கொடுக்கவும், மூத்தவர் அவருக்கு நாடியைக் காட்டிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தால், இரு தரப்பும் பெறுவது கொடுப்பதைவிட அதிகமாயிருக்கும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும்.

ரகசியத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த கிராமத்தில், ஒரு பெண்ணின் கருச்சிதைவும் ஓர் இளைஞனின் காசநோயும் வெளியில் தெரிந்தால் உண்டாகும் நஷ்டம், நகரத்தில் உண்டாவதைவிடக் கொடியது. காகித ரிஜிஸ்டர் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருந்தது. இன்றோ, வேலையின் நெருக்கடியில் ஒருவருடைய கடவுச்சொல்லை நால்வர் பயன்படுத்துவதும், திரையை மூடாமல் எழுந்து செல்வதும், பரிசோதனை முடிவைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுவதும் எங்கும் சகஜமாகிவிட்டன. 2023-இல் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதமின்றித் தரவைக் கையாள்வதற்கு வரம்பு விதிக்கிறது. அந்தச் சட்டத்தின் சாரத்தைத் தமிழில், அரை மணி நேரத்தில், ஒவ்வொரு சுகாதார நிலையத்து ஊழியருக்கும் சொல்லிவிட முடியும். அதைச் சொல்லாமல், 'சம்மதம்' என்ற பெட்டியில் நோயாளிக்குப் பதிலாகத் தாமே குறியிட்டுவிட்டு நகரும் பழக்கத்தை வளர்த்துவிட்டால், பிற்பாடு அதைத் திருத்துவது மிகக் கடினம். ஆபா கணக்குத் தொடங்குவது நோயாளியின் விருப்பத்துக்கு உட்பட்டதே என்பதையும், அது இல்லாதவருக்குச் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பதையும் வாசலிலேயே தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சுகாதார நிலையத்துக்குப் போகும்போது பழைய சீட்டுகளையும் உங்கள் செல்போனையும் கையோடு கொண்டுபோங்கள். சம்மதம் கேட்கப்பட்டால் எதற்கென்று கேளுங்கள். உங்கள் பெயர் எந்த எழுத்தில் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கும் செவிலியர் உங்களை அலட்சியம் செய்கிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புதுச்சேரி அரசுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த மென்பொருள் வாங்கப்படுவதற்கு முன், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய ஐந்து கொம்யூன்களின் செவிலியரையும் மருத்துவர்களையும் அழைத்து, அவர்கள் ஒரு நாளில் எதை எத்தனை முறை எழுதுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். தொழில்நுட்பம் அறிந்த உதவியாளர் ஒருவரையேனும் ஒவ்வொரு கொம்யூனிலும் நிரந்தரமாக அமர்த்த வேண்டும். திரையின் மொழி தமிழாக வேண்டும். காகித ரிஜிஸ்டரும் கணினியும் சேர்ந்து நடக்கும் இரட்டைப் பதிவு எந்தத் தேதியோடு நிற்கும் என்பதை எழுத்தில் அறிவித்து, அந்தத் தேதிக்குப் பின் தணிக்கைக்கு வருபவரும் ரிஜிஸ்டரைக் கேட்கலாகாது என்று உத்தரவிட வேண்டும்.